ஜங்க் சில்வருக்குத் தமிழ்ச்சொல்: "குப்பை வெள்ளி" வேண்டாமே

> ஜங்க் சில்வர் என்பதைக் "குப்பை வெள்ளி" என்று நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். சரிதானே?

எனக்குச் சரியாகப் படவில்லை. குப்பை என்றால் தூக்கிப் போடுவது. இதை யாரும் தூக்கிப் போடுவதில்லை. 1964 வரை அமெரிக்காவில் அடித்த டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர் காசுகளில் 90 விழுக்காடு வெள்ளி. அவற்றில் தேய்ந்தவை, எங்கும் கிடைப்பவை ஆகியவைதான் ஜங்க் சில்வர். இவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாக எதுவும் தரமாட்டார்கள். உள்ளிருக்கும் வெள்ளிக்கு மட்டும்தான் விலை. "ஜங்க்" என்பது அவர்களுடைய அலட்சியம், அவ்வளவே.

> அப்படியானால் "எடைவெள்ளி"?

நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் வியாபாரி பெரும்பாலும் எடை போடுவதில்லை, எண்ணுகிறார். டைம் 2.5 கிராம், குவார்ட்டர் 6.25, அரை டாலர் 12.5. எப்படிக் கலந்து அள்ளினாலும் ஒரு டாலர் முகமதிப்புக்கு (காசில் பொறித்திருக்கும் மதிப்பு) 25 கிராம்தான். அதில் வெள்ளி 22.5 கிராம், அதாவது 0.7234 டிராய் அவுன்ஸ் (தங்கம், வெள்ளியை அளக்கும் அவுன்ஸ், சுமார் 31.1 கிராம்). தேய்மானம் கழித்து 0.715 என்று வைத்துக்கொள்வார்கள். ஆயிரம் டாலர் பை என்றால் 715 அவுன்ஸ். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் கணக்கு முடிந்தது. எண்ணி விற்கும் சரக்குக்கு எடை என்று ஏன் பெயர்? (மார்கன் டாலர் என்ற பழைய ஒரு டாலர் வெள்ளிக் காசு இந்தக் கணக்கில் வராது. அது 26.73 கிராம், அதன் விலையே தனி.)

என் பரிந்துரை "சில்லறை வெள்ளி". டைமும் குவார்ட்டரும் சில்லறைக் காசுகள். "அது சில்லறை விஷயம்" என்று ஒதுக்குவதும் அதே சொல்தான். ஜங்க் என்பதில் உள்ள இளக்காரமும் வந்துவிடுகிறது.

---

> என் பரிந்துரை "சில்லறை வெள்ளி".

சிங்கப்பூரிலிருந்து ஒரு குறுக்கீடு. இங்கே வெள்ளி என்றாலே டாலர்தான். "சில்லறை வெள்ளி இருக்கா?" என்று கேட்டால் என் அம்மா பர்ஸைத் திறப்பார்.

---

அட, இதை யோசிக்கவே இல்லை! அப்படியே திருப்பிப் போட்டு "வெள்ளிச் சில்லறை" என்றால்? வெள்ளியால் ஆன சில்லறை. சில்லறை விற்பனையோடு குழப்பிக்கொள்ளவும் வழியில்லை. இப்போதைக்கு இதையே பட்டியலில் போட்டு வைக்கிறேன்.

விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: காசின் ஆண்டும் அக்கசாலைக் குறியும் (எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து) விலையைக் கூட்டாதபோது மட்டுமே அது வெள்ளிச் சில்லறை. 1916இல் டென்வர் அக்கசாலை அடித்த டைம் 2,64,000 மட்டுமே. பின்பக்கம் சின்னதாக ஒரு டி எழுத்து இருக்கும். பைக்குள் அப்படியொன்று சிக்கினால், எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அது சில்லறை இல்லை.

அப்புறம், இதற்காகவே பை பையாக வாங்கிக் கிளறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு சொல் தேவை. "பொறுக்கி" என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.