திருகோணமலைக்குப் போனவங்களே, அங்க உங்களுக்கு என்ன எதிர்ப்பட்டுச்சு?

சென்னைக்காரி:

ஆகஸ்ட்ல திருகோணமலை போறோம். நான், வீட்டுக்காரர், பத்தாவது முடிச்ச பொண்ணு, எழுபதைத் தாண்டின அம்மா. சென்னையிலேருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம், அங்கேருந்து வேன். நிலாவெளி, புறாத்தீவு, கோணேஸ்வரம், கன்னியா, திமிங்கிலம்னு பார்க்க வேண்டிய இடங்களோட பட்டியல் கையில இருக்கு. எனக்கு வேண்டியது அது இல்ல. போனவங்க அங்க எதைக் கண்டீங்க, யாரைச் சந்திச்சீங்க, எது ஏமாத்துச்சு? அதைச் சொல்லுங்க. பொண்ணுக்குக் கடல்னா பைத்தியம். அம்மாவுக்குக் கோணேசரைப் பார்த்தா போதும்.

உப்புவெளியான்:

ஆகஸ்ட் நல்ல காலம் அக்கா. மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும் இஞ்ச கச்சான் காத்து தரையிலயிருந்து கடல் பக்கம் வீசும். அதனால காலமையில கரைக்கடல் படுத்துக் கிடக்கும். நவம்பர் பிறந்தால் வாடை. பிறகு ஜனவரி கழியும் மட்டும் வள்ளங்கள் கரையில ஏறிக் கிடக்கும். தெற்குக் கரை, அதுதான் ஹிக்கடுவ, மிரிஸ்ஸ பக்கம், இதுக்கு நேர்மாறு. கொழும்பில மழை கொட்டுது எண்டு ஆரும் சொன்னால் அதைக் கேட்டுப் பயணத்தை நிப்பாட்டாதேங்கோ.

புறாத்தீவைப் பற்றித்தான் எனக்குக் கதை இருக்கு. நிலாவெளிக் கரையிலயிருந்து ஒரு கிலோமீற்றர்தான். பெரிசு, சின்னது எண்டு ரெண்டு தீவு. பாறை இடுக்கில மாடப்புறா கூடு கட்டுறபடியால் வந்த பேர். 2003இல அதைத் தேசியப் பூங்கா ஆக்கினவை. வனஜீவராசிகள் திணைக்களம் கரையிலயே ரிக்கெற் குடுக்கும். வெளிநாட்டவருக்கு விலை கூட. போட் கூலி வேற, ஸ்நோர்க்கல் கண்ணாடி வாடகை வேற. எல்லாத்தையும் சேர்த்து எவ்வளவு எண்டு கேட்டுப்போட்டு ஏறுங்கோ. ஏறின பிறகு கேட்டால் கணக்கு வேற மாதிரி வரும்.

போன வருசம் கொழும்பிலயிருந்து மச்சாளின்ர மகன் வந்திருந்தான். இறங்கின உடன சனம் எல்லாம் முன்பக்கக் கரையிலதான் விழும். நாங்கள் பாறையைக் கடந்து மற்றப் பக்கம் போனம். இடுப்பளவு தண்ணி. முகத்தைத் தண்ணிக்குள்ள வைச்சு ஒரு நிமிசம் ஆகேல்ல, குழாய்க்குள்ளால ‘மாமா சுறா’ எண்டு ஒரு கத்தல். எருமைக்கண்டு கத்தின மாதிரி ஒரு சத்தம். பாத்தால் உண்மைதான். செட்டை நுனி கறுத்த சுறா, ஒரு நாலடி இருக்கும். அவன்ர கையைப் பிடிச்சு, அசையாமல் மிதக்கச் சொன்னன். அது ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. பின்னால இன்னும் ரெண்டு. நாங்கள் அவையின்ர முற்றத்துக்குள்ள வந்திட்டம், ஆர் எண்டு பாத்திட்டுப் போச்சினம், அவ்வளவுதான். இந்தச் சாதிச் சுறா மனிசரைத் தேடி வாறேல்ல. கைகாலை அடிச்சால் அதுதான் முதல்ல ஓடும்.

பயப்பட வேண்டியது கிளாத்தி மீனுக்கு. பெரிய கிளாத்தி முட்டை காக்கிற நேரம் கிட்டப் போனால் துரத்தி வந்து கடிக்கும். என்ர சிநேகிதன்ர ஃபின்னில பல்லுப் பட்ட அடையாளம் இப்பவும் இருக்கு.

எனக்கு ஆத்திரம் வாறது ஒண்டுக்குத்தான். நீந்தத் தெரியாதவையை லைஃப் ஜாக்கெற்றோட கொண்டுபோய் விட்டால், களைச்சவுடன அப்படியே முருகைக்கல்லில, அதுதான் பவளப்பாறையில, ஏறி நிக்கினம். அது கல்லில்லை, உயிர். கடல் சூடாகி வெளுத்தது ஒரு பக்கம், மிதிச்சு உடைச்சது இன்னொரு பக்கம். உங்கட மகளுக்கு நீச்சல் தெரியுமெண்டால் கட்டாயம் கூட்டிப் போங்கோ. தெரியாட்டி முதல் நாள் நிலாவெளிக் கரையில கண்ணாடியைப் போட்டுப் பழகட்டும்.

கிண்ணியா வாசி:

மேலே சொன்னதோட ஒண்டு: போயா நாளும், அதான் பௌர்ணமி லீவு நாள், ஞாயிறும் புறாத்தீவுப் பக்கம் போகாதீங்க. மீனை விட ஆக்கள் கூட. காலம்பற எட்டுக்கு முன்னால கரையில நிக்கணும்.

ரொறன்ரோப் பிள்ளை:

அப்பா திருகோணமலையில பிறந்தவர். எண்பதுகளில வெளிக்கிட்டவர், போன வருசம்தான் திரும்பிப் போனார், என்னோட. திமிங்கிலம் பார்க்கப் போவமெண்டு நான் சொல்ல, ‘அது வெள்ளைக்காரருக்கு’ எண்டார். விடியப்பறம் ஆறு மணிக்கு, முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டுதான் போட்டில ஏறினவர்.

போட்டோட்டி அவற்றை வயசுக்காரர். ரெண்டு பேரும் எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம் எண்டு தொடங்கி, கரை மறையும் மட்டும் கதை. இந்தத் துறைமுக வாயிலிலயிருந்தே கடலுக்கு அடியில ஒரு பெரிய பள்ளத்தாக்கு ஓடுதாம். அதனாலதான் கரைக்குக் கிட்டவே ஆழம், ஆழம் இருக்கிறதால இரை, இரை இருக்கிறதால திமிங்கிலம் எண்டு அந்த ஐயா சொன்னார். முதல்ல வந்தது ஓங்கில், அதுதான் டொல்பின் கூட்டம். துள்ளித் துள்ளி, தன்னைத் தானே சுத்திக்கொண்டு விழும். நான் அதிலேயே திருப்திப்பட்டிட்டன்.

பிறகு தூரத்தில தண்ணி புகையா எழும்பிச்சுது. ஐயா என்ஜினைக் குறைச்சார். நீலத் திமிங்கிலம். நீலம் எண்டு சொல்லுறது அது தண்ணிக்குள்ள கிடக்கிறபோதுதான். மேல வந்தால் சாம்பல். முதுகு வருது, வருது, வந்துகொண்டே இருக்குது, முடியுற மாதிரித் தெரியேல்ல. முப்பது மீற்றர் வரைக்கும் வளரும் எண்டு படிச்சிருக்கிறன். அதைப் படிச்சது ஒரு விதம், பக்கத்தில நிண்டு பார்க்கிறது இன்னொரு விதம். கடைசியில வாலைத் தூக்கிக் காட்டிப்போட்டு இறங்கிச்சுது.

அப்பா ஒண்டும் பேசேல்ல. கொஞ்ச நேரத்தால போட்டோட்டியிட்ட, ‘நாங்கள் இஞ்ச இருக்கேக்க இது இவ்வளவு கிட்டவே இருந்ததோ’ எண்டு கேட்டார். அவர் சிரிச்சுப்போட்டு, ‘இருந்தது. எங்களை எங்க விட்டவங்கள்’ எண்டார். சண்டைக் காலத்தில மீன்பிடிக்கே நேரமும் தூரமும் வரையறை. விரும்பினபடி கடலுக்கு இறங்க ஏலாது. 2009க்குப் பிறகுதான் இந்தத் திமிங்கிலச் சவாரி எல்லாம் இந்தக் கரையில வளர்ந்தது.

ஏமாத்தினதையும் சொல்லவேணும். பத்து நிமிசத்தில வேற நாலைஞ்சு போட் பாய்ஞ்சு வந்து, திமிங்கிலம் எழும்பிற இடத்துக்கு முன்னால குறுக்க நிண்டுது. ஒருத்தன் விரட்டவே செய்தான், ஆக்கள் கைதட்டினவை. எங்கட ஐயா என்ஜினை நிப்பாட்டி, ‘இனி அது மேல வராது, வாங்கோ’ எண்டு திருப்பிட்டார். காசு வாங்க முதல், கிட்டப் போய்த் துரத்துவீங்களோ எண்டு ஆளைக் கேளுங்கோ. ‘ஓம், நல்லாக் கிட்டக் காட்டுவன்’ எண்டு சந்தோசமாச் சொன்னால் வேற ஆளைப் பாருங்கோ. வெறும் வயிற்றோட போகாதேங்கோ, வயிறு முட்டச் சாப்பிட்டும் போகாதேங்கோ.

தஞ்சாவூர்க்காரன்:

கடலுக்குப் போறவங்க பேசிட்டீங்க, கோயிலைப் பத்தி நான் சொல்றேன். சம்பந்தர் பாடின தலம். அவர் கடல் கடந்து வரலை, இராமேஸ்வரத்திலிருந்தே பாடினார்னு சொல்வாங்க. நான் போனதே அதுக்காகத்தான்.

கோயிலுக்குப் போக பிரட்றிக் கோட்டைக்குள்ள நுழையணும். உள்ளே இன்னும் இராணுவம் இருக்கு. கூட்டி வந்த ஆட்டோக்காரர் வாசலிலேயே வண்டியை நிறுத்தி, ‘இறங்கிப் பாருங்கோ’ன்னார். வாசல் கல்லுல ரெண்டு மீன், பக்கத்துல தமிழ்க் கல்வெட்டு. போர்த்துக்கீசியர் 1620கள்ல பழைய கோயிலை இடிச்சு, அந்தக் கல்லையே கோட்டைக்கு வச்சுக் கட்டினாங்க. அது எனக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா பாண்டியனோட கயல் பறங்கி கட்டின கோட்டை வாசல்ல இருக்கிறதைக் கையால தொட்டப்ப, புத்தகத்துல படிச்சப்ப வராத கோபம் வந்துச்சு. ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துட்டு, ‘தமிழ்நாட்டு ஆக்கள் எல்லாரும் இந்த இடத்தில இப்பிடித்தான் நிப்பினம்’ன்னார்.

கோயில் பாறை விளிம்புல இருக்கு, கீழே நேரா கடல். பக்கத்துல இராவணன் வெட்டுன்னு சொல்ற பாறைப் பிளவு. மரத்துல பிள்ளை வரம் கேட்டுக் கட்டின சின்னச் சின்னத் தொட்டில்கள். 1956ல அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் இந்தப் பாறைக்குக் கீழே முக்குளிச்சப்ப பழைய கோயிலோட தூண்களைக் கண்டாங்க. இப்பவும் டைவிங் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டுப் போறாங்கன்னு கேள்வி.

மான் பத்தி யாரும் சொல்லலையே! கோட்டைக்குள்ள புள்ளிமான்கள் சர்வ சாதாரணமா திரியுது. நான் அர்ச்சனைத் தட்டோட நின்னேன், ஒரு கொம்பு மான் பின்னாலேருந்து வந்து வாழைப்பழத்தை எடுத்துட்டுப் போயிடுச்சு. குருக்கள்கிட்ட பழம் இல்லாத தட்டை நீட்டினேன். ‘கோணேசர் வாசலிலேயே வாங்கிட்டார்’ன்னு அவர் அர்ச்சனையை ஆரம்பிச்சார். ஆனா பிளாஸ்டிக் பையை மெல்லுற மானையும் பார்த்தேன். தின்பண்டத்தைப் பையோட போடுறவங்களுக்கு அது தெரியணும்.

வவுனியா வாத்தியார்:

கன்னியாவைச் சுற்றுலா இடமாக மட்டும் நினைத்துப் போகவேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன். வெந்நீர்க் கிணறுகள் ஏழு. எல்லாம் சிறியவை, ஆழம் அதிகமில்லை. எட்டிப் பார்த்தால் அடி தெரியும். ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு அளவு. இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க உண்டாக்கியது என்பது ஐதீகம். அந்த ஐதீகத்தின்படியே எங்கள் பக்கத்துச் சனம் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு இங்கே வருகிறது. நானும் அம்மாவின் காரியத்துக்குத்தான் போயிருந்தேன்.

தலையில் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றபோது பக்கத்துக் கிணற்றடியில் ஒரு சிங்களப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். சூடு தாங்காமல் குதித்து, சிரித்து, கூச்சல் போட்டார்கள். என் தம்பிக்குக் கோபம். அவர்களுடைய ஆசிரியை எங்கள் கோலத்தைக் கண்டு பிள்ளைகளை அதட்டி ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு என்னிடம் வந்து, திக்கித் திக்கித் தமிழில், ‘யார்?’ என்றார். ‘அம்மா’ என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார். அன்றைக்குத் துக்கம் விசாரித்தவர்களில் அவர் ஒருவரைத்தான் எனக்கு முன்பின் தெரியாது.

அந்த இடம் யாருடையது என்று வழக்கு வரை போன கதையும் உண்டு, அதை இங்கே இழுக்கவில்லை. குளிப்பது வாளியால் அள்ளி ஊற்றித்தான், இறங்கி நீந்தும் குளமல்ல. நகரத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவு. அரை மணி நேரம் போதும்.

மட்டக்களப்பான்:

ஆகஸ்ட்ல போற உங்களுக்கு இது தேவைப்படாது, ஆனா மற்ற ஆக்களும் படிப்பாங்கதானே. நான் வேலை விசயமா ஜனவரியில போனன். கடல் கொந்தளிப்பு, ஒரு வள்ளமும் இறங்கல்ல. மழை விட்ட நேரம் நிலாவெளி வீதியில இருக்கிற பொதுநலவாய யுத்த மயானத்துக்குப் போனன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே நாள்தான் பிரித்தானியாட விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மீஸை எங்கட மட்டக்களப்புக் கரைக்கு அங்கால மூழ்கடிச்சாங்க. கல்லறையில வயசு எழுதியிருக்கு, கனபேர் இருபதுகளில. புல்லு வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் தானா வந்து ஒவ்வொரு நாட்டு ஆக்களையும் காட்டினார். அந்தப் பயணத்தில எனக்கு நல்லாக் கிடைச்சது அவர்தான். இரவு டச் குடாப் பக்கம் கொத்துரொட்டி, அதுவும் பழுதில்ல.

சென்னைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. பொண்ணு சுறாக் கதையை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறா. அவளுக்கு நீச்சல் தெரியும். அம்மாவுக்கு முட்டி வலி, கோயிலுக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்? காலையில போறதா, சாயங்காலமா?

உப்புவெளியான்:

கோட்டை வாசலிலயிருந்து ஏற்றம்தான். ஆட்டோ கோயிலுக்குக் கிட்ட மட்டும் போகும், அதுக்குப் பிறகு கொஞ்ச நடையும் படியும். கூட்டமான நாளில வாகனத்தை முன்னாலயே மறிப்பினம், அதனால வெள்ளிக்கிழமையைத் தவிருங்கோ. அம்மாவைப் பின்னேரப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பகலில அந்தக் கருங்கல்லில வெறுங்காலோட நிக்க ஏலாது. மகளுக்கு முழுக்கைச் சட்டை ஒண்டு எடுத்து வையுங்கோ. ஸ்நோர்க்கல் செய்யேக்க முகம் தண்ணிக்குள்ள, முதுகு முழுக்க வெயிலில. பின்னேரம்தான் எரிவு தெரியும், அடுத்த நாள் திமிங்கிலப் போட்டில அந்தப் பிள்ளை சாய்ஞ்சு இருக்கமாட்டாள்.