மலையாளச் சான்றால் டெண்டர் போச்சு, அப்பீலுக்கு வழி உண்டா?

செங்கோட்டைக்காரன்:
பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் வாறுகால் (கழிவுநீர் ஓடை) வேலைக்கு டெண்டர் போட்டேன். விலைக்கு முன்பு தகுதியைப் பார்க்கும் டெக்னிக்கல் கவரிலேயே தள்ளிவிட்டார்கள். கேரளாவில் புனலூர்ப் பக்கம் செய்த வேலைக்கு வாங்கிய அனுபவச் சான்று மலையாளத்தில் இருக்கிறதாம். "ஏற்கத்தக்கதல்ல" என்று ஒரே வரி. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் எங்கள் செங்கோட்டை, என் தாத்தா பத்திரமே மலையாளம்தான்! ஜெயித்தவரைவிட என் விலை மூன்று லட்சம் குறைவு. அவருக்கு மேலே ஆள் உண்டு என்று ஊரே பேசுகிறது. கலெக்டருக்கு மனு எழுதிவிட்டேன். போதுமா?

பழைய டெண்டர் கிளார்க்:
அண்ணாச்சி, உத்தரவு என்றைக்குக் கைக்கு வந்தது? தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 11ஆவது பிரிவுப்படி அப்பீல் அரசுக்குத்தான், உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள். கலெக்டர் மனுவை நம்பினால் நாள் ஓடிவிடும். அப்புறம், மொழி பற்றி நிபந்தனை ஏதும் உண்டா?

செங்கோட்டைக்காரன்:
ஆறு நாள் ஆச்சு. தமிழ், ஆங்கிலம் தவிர்த்த ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டும் என்று 14ஆம் பக்கத்தில் இருக்கிறது. அவசரத்தில் கவனிக்கவில்லை.

பழைய டெண்டர் கிளார்க்:
அப்படியானால் கேஸ் பாதி போச்சு, ஒளிக்காமல் சொல்கிறேன். விலையைப் பேசாதீர்கள், உங்கள் விலைக் கவரைத் திறக்கவே இல்லை. "மேலே ஆள்" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள், ஆதாரமில்லாத அந்த ஒன்று மற்றதையும் கெடுத்துவிடும். நிபந்தனையை எல்லோருக்கும் ஒரே மாதிரி பிடித்தார்களா என்பதுதான் கேள்வி. டெண்டர் போர்ட்டலில் மதிப்பீட்டுச் சுருக்கத்தை இறக்கிப் பாருங்கள்.

புளியரை வாசி:
நானும் ஒரு டெண்டருக்காக ரிட் மனு போட்டு ஹைகோர்ட் மதுரைக் கிளை வரை போனவன். சுப்ரீம் கோர்ட்டின் 1994 டாடா செல்லுலார் தீர்ப்பைக் காட்டித் திருப்பினார்கள். வேலையை யாருக்குக் கொடுக்கலாம் என்று கோர்ட் பார்க்காது, முடிவெடுத்த முறையைத்தான் பார்க்கும். அந்த வேலையில் கிடைத்திருக்கும் லாபத்தைவிட வக்கீல் பீஸ் அதிகம். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வர 30 நாள், இப்போதைக்கு உதவாது. ஆனாலும் 10 ரூபாய்தானே, போட்டு வையுங்கள்.

செங்கோட்டைக்காரன்:
இறக்கிப் பார்த்தேன். ஜெயித்தவரின் சால்வன்சி சான்று (பண வசதி உண்டு என்பதற்கான சான்று) காலாவதி! அவரிடம் விளக்கம் கேட்டு, மூன்று நாள் கொடுத்து, புதுசு வாங்கியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பழைய டெண்டர் கிளார்க்:
இதை வைத்து எழுதுங்கள் அண்ணாச்சி. அவருக்கு வாய்ப்புக் கொடுத்த தேதி, உங்களுக்குக் கொடுக்காதது, இரண்டும் முதல் பத்தியிலேயே பக்க எண்ணோடு வரட்டும். மலையாளச் சான்றை மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு சேருங்கள். விட்ட பிழை அதனால் மறையாது, ஆனால் உங்களுக்குத் தகுதி இருந்தது தெரியும். வேலை உத்தரவை நிறுத்திவைக்கவும் கேளுங்கள். தபாலை நம்பாதீர்கள்.

செங்கோட்டைக்காரன்:
சரி. மருமகன் புனலூர்க்காரன், மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டான். நாளை பொதிகை ரயிலில் ஏறுகிறேன். சென்னையில் யாரிடம் கொடுக்க?

பழைய டெண்டர் கிளார்க்:
நகராட்சி நிர்வாகத் துறைச் செயலாளர் பெயருக்கு, தலைமைச் செயலகத்தில். உங்கள் நகலில் தேதி முத்திரை விழாமல் வெளியே வராதீர்கள்.