வேர்ட்பிரஸ் கட்டுரைகளை தனி பிஎச்பி ஆப்ல காட்டணும், இன்க்ளூட் பண்ணா எல்லாம் குழம்புது

விதைநெல்:

வணக்கம். நாங்க டெல்டா பக்கம், ஒரு சின்ன விவசாயிங்க குழுவுக்காக ஆர்டர் எடுக்கற ஆப் ஒண்ணு பிஎச்பில எழுதி வச்சிருக்கேன், கோட்இக்னைட்டர் 3ங்கற ஃப்ரேம்வொர்க்ல. மாப்பிள்ளை சம்பா, கறுப்புக்கவுனி, தூயமல்லி, பூங்கார்னு அரிசியும் விதையும் அதுல தான் புக் ஆகுது. இது இல்லாம தனியா ஒரு வேர்ட்பிரஸ் சைட் இருக்கு, அதுல எங்க பெரியம்மா ஒவ்வொரு நெல்லைப் பத்தியும் எழுதறாங்க, எத்தன நாள் பயிரு, எந்த மண்ணுக்கு வரும், எப்படி சமைக்கணும்னு. 240 கட்டுரை ஆயிடுச்சு. ரெண்டும் ஒரே சர்வர், வேற வேற ஃபோல்டர், வேற வேற டேட்டாபேஸ்.

எனக்கு வேண்டியது ரெண்டே விஷயம். ஆர்டர் ஆப் முகப்புல கடைசியா வந்த 5 கட்டுரை தலைப்பும் படமும் வரணும். அப்புறம் ஒவ்வொரு அரிசி பக்கத்துலயும் அந்த அரிசியோட கட்டுரை கீழ தெரியணும்.

நெட்ல தேடினப்ப வேர்ட்பிரஸோட டபிள்யூபி-லோட் ஃபைலை நம்ம ஆப்ல இன்க்ளூட் பண்ணிட்டா அதோட ஃபங்ஷன் எல்லாம் கிடைக்கும்னு போட்டிருந்தாங்க. பண்ணேன். முதல்ல சைட்_யூஆர்எல் ஃபங்ஷன் ஏற்கனவே இருக்கு, திரும்ப டிக்ளேர் பண்ண முடியாதுன்னு ஃபேட்டல் எரர். சரின்னு அந்த இன்க்ளூட் வரிய இண்டெக்ஸ் ஃபைல்ல மேல, கோட்இக்னைட்டர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தூக்கி வச்சேன், எரர் போயிடுச்சு, கட்டுரையும் வந்துச்சு, சந்தோஷமா விட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா ஆப்ல இருக்கற பாதி லிங்க் பெரியம்மா சைட்டுக்குப் போகுது, ஆர்டர் நேரம் எல்லாம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி பதிவாகியிருக்கு, அட்ரஸ்ல யாராவது மேற்கோள் குறி போட்டிருந்தா அதுக்கு முன்னாடி ஒரு பின்சாய்கோடு வந்து உக்காந்திருக்கு. ராத்திரி 2 மணிக்கு புக் பண்ண மாதிரி இருந்த ஆர்டரைப் பாத்துட்டு தான் எனக்கே உறைச்சுது. இப்ப அந்த வரிய எடுத்துட்டேன். சரியான வழி என்னன்னு யாராவது சொல்லுங்க ப்ளீஸ், அறுவடை முடிஞ்சு ஆர்டர் வர்ற நேரம் இது.

கோவை_கோடர்:

ப்ரோ, நீங்க சொன்ன மூணுமே வேர்ட்பிரஸை ஆப்குள்ள கொண்டுவந்தா வரக்கூடியது தான், உங்க கோட்ல தப்பு தேடாதீங்க.

லிங்க் விஷயம். சைட்_யூஆர்எல்ங்கற பேர்ல ரெண்டு பேரும் ஃபங்ஷன் வச்சிருக்காங்க. கோட்இக்னைட்டர் "ஏற்கனவே இந்தப் பேர்ல இருக்கா"ன்னு பாத்துட்டு இல்லன்னா மட்டும் தன்னோடத டிக்ளேர் பண்ணும், வேர்ட்பிரஸ் பாக்காது, நேரா டிக்ளேர் பண்ணிடும். அதனால தான் வேர்ட்பிரஸ் ரெண்டாவதா வந்தப்ப எரர், முதல்ல வந்தப்ப எரர் இல்ல. ஆனா முதல்ல வந்ததும் கோட்இக்னைட்டர் தன் ஃபங்ஷனை விட்டுக்கொடுத்துட்டு ஒதுங்கிடுச்சு, அந்தப் பேரை வச்சு எழுதின உங்க லிங்க் எல்லாத்தையும் வேர்ட்பிரஸ் ஃபங்ஷன் தான் பிளாக், அதாவது பெரியம்மா சைட்டோட அட்ரஸ் வச்சு உருவாக்குச்சு. லாரவெல்ங்கற இன்னொரு பிஎச்பி ஃப்ரேம்வொர்க் யூஸ் பண்றவங்களுக்கும் இதே தலைவலி உண்டு, அங்க மோதறது மொழிபெயர்ப்புக்கு இருக்கற ரெண்டு அடிக்கோடு பேர் கொண்ட ஃபங்ஷன்.

நேரம் விஷயம், வேர்ட்பிரஸ் லோட் ஆகும்போது பிஎச்பியோட டைம்சோனை யூடிசின்னு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு மாத்திடும், அதோட உள் கணக்கு எல்லாம் அப்படித்தான் ஓடுது. நீங்க முதல் வரில கொல்கத்தா டைம்சோன் வச்சிருந்தாலும் அதுக்கப்புறம் வர்ற இன்க்ளூட் அதை அழிச்சிடும். நம்ம நேரம் யூடிசிய விட அஞ்சரை மணி முன்னாடி இல்லையா, அந்த அஞ்சரை தான் நீங்க பாத்தது.

பின்சாய்கோடு இன்னும் பழைய கதை. பிஎச்பில முன்னாடி மேஜிக் கோட்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு, ஃபார்ம்ல வர்ற மேற்கோள் குறிக்கு முன்னாடி தானா பின்சாய்கோடு போடும், 5.4ல தூக்கிட்டாங்க. ஆனா அத நம்பி எழுதின ப்ளகின் நிறைய இருந்ததால வேர்ட்பிரஸ் இன்னைக்கும் தானே கெட், போஸ்ட், குக்கி எல்லாத்துக்கும் பின்சாய்கோடு சேக்குது. உங்க ஆப் ஃபார்ம் டேட்டாவைப் படிக்கறதுக்குள்ள அது சேந்துடுச்சு. இன்னொன்னு, இப்ப வரைக்கும் பதிவான ஆர்டர் டேட்டாவை சரி பண்ணிடுங்க, நேரத்தையும் அட்ரஸையும், முக்கியமா கூரியர் லேபிள் அடிக்கறதுக்கு முன்னாடி.

ஷார்ட்இனிட்னு ஒரு கான்ஸ்டன்ட் இருக்கு, அதை ஆன் பண்ணிட்டு லோட் பண்ணா பாதிலயே நின்னுடும், டேட்டாபேஸ் கிளாஸ் மட்டும் கிடைக்கும்னு யாராவது சொல்வாங்க. பரவால்ல தான், ஆனா அப்ப கட்டுரை எடுக்கற ஃபங்ஷனும் வராது, ப்ளகினும் வராது, டைம்சோன் அப்பவும் மாறும். அதுக்கு இன்க்ளூட் பண்ணாமலே இருக்கலாம்.

ரெட்டைச்சுழி:

மேல சொன்னது எல்லாம் சரி. நீங்க போக வேண்டிய வழி ரெஸ்ட் ஏபிஐ, அதாவது வேர்ட்பிரஸை உள்ள இழுக்காம ஒரு வெப் அட்ரஸைக் கூப்பிட்டு கட்டுரைய டேட்டாவா வாங்கறது. 4.7ல, 2016 டிசம்பர்ல இருந்து இது வேர்ட்பிரஸ் உள்ளயே வருது, ப்ளகின் எதுவும் வேணாம். பிளாக் அட்ரஸுக்குப் பின்னாடி டபிள்யூபி-ஜேசன், டபிள்யூபி, வி2, போஸ்ட்ஸ்னு சாய்கோடு போட்டு சேத்து பிரவுசர்ல திறந்து பாருங்க, கட்டுரை எல்லாம் ஜேசனா, அதாவது ப்ரோக்ராம் படிக்கற டேட்டா வடிவத்துல வந்து நிக்கும். 404 வந்துச்சுன்னா பெர்மாலிங்க் (கட்டுரையோட அட்ரஸ் எப்படி அமையணும்ங்கற) செட்டிங் "ப்ளெயின்"ல இருக்குன்னு அர்த்தம், ஒண்ணு அதை மாத்துங்க, இல்ல ரெஸ்ட்_ரூட்னு க்வெரி ஸ்ட்ரிங்ல அதே பாதையக் கொடுங்க, ரெண்டும் ஒண்ணு தான்.

சும்மா கேட்டா 10 கட்டுரை தான் தரும், அதிகபட்சம் ஒரு தடவைக்கு 100. உங்க 240ஐ மூணு தடவையா வாங்கணும், மொத்தம் எத்தன, எத்தன பக்கம்னு ஹெடர்லயே அனுப்பும், அதை வச்சு லூப் போட்டுக்கங்க. முகப்பு படத்துக்கு எம்பெட் பாராமீட்டர் சேத்தீங்கன்னா அதே பதில்லயே வந்துடும், தனியா இன்னொரு ரிக்வெஸ்ட் வேணாம். தலைப்பு மட்டும் போதும்ங்கற இடத்துல ஃபீல்ட்ஸ் பாராமீட்டர் கொடுத்து வேணுங்கறத மட்டும் கேளுங்க, இல்லன்னா முழு கட்டுரையும் சேந்து வந்து சும்மா கனக்கும்.

இப்ப நம்ம தமிழ் ஆளுங்க எல்லாரும் ஒரு தடவையாவது மாட்டற இடம், ஸ்லக், அதாவது தலைப்புல இருந்து உருவாகி கட்டுரை அட்ரஸ்ல வர்ற பேர். அரிசி பேர வச்சு கட்டுரையத் தேடிக்கலாம்னு தான் முதல்ல தோணும். வேணாம். வேர்ட்பிரஸ் தமிழ் ஸ்லக்கை சதவீதக் குறி போட்டு மாத்தி சேமிக்குது, ஒரு தமிழ் யூனிகோட் எழுத்துக்கு யூடிஎஃப்-8ல 3 பைட், ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தா மாறும், ஆக 9 இடம். ஸ்லக் வைக்கற இடமோ 200 தான். புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனி எழுத்தா எண்ணினா 22 தாண்டினதும் வெட்டிடும். "கறுப்புக்கவுனி அரிசி சமைப்பது எப்படி"ன்னு பெரியம்மா தலைப்பு வச்சாங்கன்னு வைங்க, ஸ்லக் "கறுப்புக்கவுனி-அரிசி-சமை"யோட நின்னுடும், எண்ணிப் பாருங்க, சரியா 200 வரும். அதே மாதிரி ஆரம்பிக்கற இன்னொரு கட்டுரை எழுதினா அதுக்கு வால்ல 2ன்னு நம்பர் சேரும். இதை வச்சு மேட்ச் பண்ணா எப்ப எது வரும்னே தெரியாது. உங்க ப்ராடக்ட் டேபிள்ல போஸ்ட் ஐடின்னு ஒரு காலம் (column) சேத்து, வேர்ட்பிரஸ் அந்தக் கட்டுரைக்குக் கொடுத்த நம்பரைப் போட்டு வைங்க. தலைப்பு மாறட்டும், ஸ்லக் மாறட்டும், நம்பர் மாறாது.

ஒவ்வொரு பக்கம் லோட் ஆகும்போதும் ஏபிஐய கூப்பிடாதீங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ க்ரான்ல, அதாவது குறிச்ச நேரத்துக்கு தானா ஓடற வேலைல எடுத்து உங்க டேபிள்லயே ஒரு காப்பி வச்சுக்கங்க. பிளாக் சைட் கொஞ்ச நேரம் படுத்தாலும் ஆர்டர் பக்கம் நிக்காது.

பழைய_சர்வர்:

தம்பி, ஏபிஐ நல்லது தான், ஆனா ரெண்டும் ஒரே மெஷின்ல இருக்கறப்ப நேரா டேபிளைப் படிக்கறது பாவம் ஒண்ணும் இல்ல. நான் பல வருஷமா ரிப்போர்ட் வேலைக்கு அப்படித்தான் எடுக்கறேன். எந்த வகைல எத்தன கட்டுரை, எந்த மாசம் எவ்வளவுன்னு கணக்கு எடுக்கணும்னா ஏபிஐல சுத்தி சுத்தி வரணும், எஸ்க்யூஎல்ல ஒரே க்வெரி.

ஆனா முறையாப் பண்ணணும். வேர்ட்பிரஸோட யூசர் பாஸ்வேர்டை எடுத்து ஆப்ல போடாத, செலக்ட் உரிமை மட்டும் உள்ள தனி மைஎஸ்க்யூஎல் யூசர் உருவாக்கு. போஸ்ட்ஸ் டேபிள்ல கட்டுரை மட்டும் இல்ல, பேஜ், மெனு, படம், பழைய ரிவிஷன் எல்லாம் ஒரே டேபிள்ல தான் கிடக்கும். அதனால டைப் போஸ்ட்டா, ஸ்டேட்டஸ் பப்ளிஷா, பாஸ்வேர்ட் காலம் காலியான்னு மூணும் பாக்கணும். அந்த மூணாவதை மறந்துட்டா பாஸ்வேர்ட் போட்டு மூடின கட்டுரை உன் ஆப்ல பளிச்சுனு தெரியும். இந்தக் கண்டிஷன் எல்லாம் ஒரு வ்யூல, அதாவது டேட்டாபேஸ்லயே சேமிச்சு வச்ச க்வெரில வச்சு, அந்த வ்யூவுக்கு மட்டும் உரிமை கொடு.

தமிழ் ஒழுங்கா வரணும்னா கனெக்‌ஷன்ல கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4ன்னு சொல்லியே ஆகணும், இல்லன்னா கேள்விக்குறியா வரும், இல்ல à மாதிரி கொம்பு வச்ச லத்தீன் எழுத்தா வரும். அப்படி வந்ததும் டேட்டாபேஸ்ல இருக்கறத மாத்தறேன்னு யாரும் இறங்காதீங்க, உள்ள நல்லாத்தான் இருக்கும், படிக்கற பக்கம் தான் தப்பு.

ஆனா ஒண்ணு, உன் வேலைக்கு இது பொருந்தாது தம்பி, அதையும் சொல்லிடறேன். உனக்கு முழு கட்டுரையும் காட்டணும். டேபிள்ல இருக்கறது கச்சாப் பொருள். 2018ல 5.0 வந்ததுக்கு அப்புறம் எழுதினதுல நடுநடுவுல எடிட்டர் பகுதி பகுதியா பிரிக்கப் போடற பிளாக் (block) குறிப்பு இருக்கும், அதுக்கு முன்னாடி எழுதினதுல பத்தி டேக் கூட இருக்காது, காட்டும்போது தான் வேர்ட்பிரஸ் சேக்கும். கேலரி எல்லாம் வெறும் ஷார்ட்கோடா, அதாவது சதுர அடைப்புக்குறிக்குள்ள ஒரு குறிப்பா நிக்கும். படத்துக்கு மெட்டா டேபிளுக்கு ரெண்டு தடவ போகணும். நீ இன்னொரு வேர்ட்பிரஸே எழுத வேண்டி வரும். ரெட்டைச்சுழி சொன்ன வழில போ.

விதைநெல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பழைய சர்வர் அண்ணா உங்களுக்கும். ஆர்டர் நேரம், அட்ரஸ் எல்லாம் முதல்ல சரி பண்ணிட்டேன், 31 ஆர்டர் தான் அந்த ரெண்டு நாள்ல, ஒவ்வொண்ணா கையால பாத்து மாத்தினேன்.

ரெஸ்ட்ல இறங்கினேன். என் லேப்டாப்ல இருந்து கூப்பிட்டா வருது, சர்வர்ல இருந்து அதே அட்ரஸைக் கூப்பிட்டா தொங்கிட்டே இருந்துச்சு. ஹோஸ்டிங்ல கேட்டப்ப சர்வர் தன்னோட வெளி அட்ரஸையே தானே கூப்பிடறத ஃபயர்வால்ல தடுத்து வச்சிருக்காங்கன்னு சொன்னாங்க, எழுதிக் கேட்டதும் திறந்து விட்டாங்க. ரிக்வெஸ்ட் அனுப்பற கர்ல்ல 5 செகண்ட் டைம்அவுட் வச்சிருக்கேன், பதில் வரலன்னா பழைய காப்பியத் தொடமாட்டேன். 240ம் வந்துடுச்சு, போஸ்ட் ஐடி காலமும் சேத்துட்டேன்.

ரெண்டு சந்தேகம் மிச்சம். சில தலைப்புல கோடு இருக்கற இடத்துல ஆம்பர்சண்ட், ஹேஷ், 8211ன்னு அப்படியே தெரியுது. அப்புறம் கடைசி தடவைக்கு அப்புறம் மாறினத மட்டும் வாங்க முடியுமா, ஒவ்வொரு தடவையும் 240ஐயும் இழுக்க மனசு வரல.

ரெட்டைச்சுழி:

தலைப்பு ஏபிஐல இருந்து ஏற்கனவே ஹெச்டிஎம்எல்லா மாறித் தான் வரும். நீங்க அதை திரும்ப எஸ்கேப் பண்றதால, அதாவது குறிகளை மறுபடி ஹெச்டிஎம்எல் கோடா மாத்தறதால ரெட்டிப்பு ஆகுது. சேமிக்கும்போதே ஒரு தடவ டீகோட் பண்ணி சாதா எழுத்தா வச்சுக்கங்க, காட்டும்போது வழக்கம் போல எஸ்கேப் பண்ணுங்க. எஸ்கேப் பண்றதையே எடுத்துடாதீங்க.

மாறினத மட்டும் வாங்க மாடிஃபைட்_ஆஃப்டர்னு பாராமீட்டர் இருக்கு, 5.7ல வந்துச்சு. ஆனா அழிச்ச கட்டுரை அதுல வராது, அது லிஸ்ட்லயே இல்லையே. அதனால ராத்திரி ஒரு தடவ வெறும் ஐடி மட்டும் எல்லாத்தையும் வாங்கி, உங்க காப்பில இருந்து அங்க இல்லாதத எடுத்துடுங்க. மூணு பக்கமும் ஒழுங்கா வந்துச்சான்னு பாத்துட்டு எடுங்க, நடுவுல ஒரு பக்கம் ஃபெயில் ஆகி நீங்க பாதிய வச்சு அழிச்சீங்கன்னா 100 கட்டுரை காணாமப் போயிடும்.

கோவை_கோடர்:

பத்து நிமிஷம் கூட காத்திருக்க வேணாம்னா வேர்ட்பிரஸ் பக்கம் எம்யூ-ப்ளகின்ஸ் ஃபோல்டர்ல ஒரு சின்ன ஃபைல் போடுங்க, கட்டுரைய வெளியிடும்போதும் அப்டேட் பண்ணும்போதும் வேர்ட்பிரஸ் தானா ஓட்டற ஹூக்ல உங்க ஆப்புக்கு ஒரு ரிக்வெஸ்ட், ரகசிய டோக்கனோட. அந்த ஃபோல்டர்ல இருக்கறத அட்மின் பக்கத்துல இருந்து யாரும் தெரியாம ஆஃப் பண்ண முடியாது. க்ரானையும் விட்டு வைங்க, ரிக்வெஸ்ட் தவறினா அது பிடிச்சுக்கும்.

தேனீ:

நடுவுல வந்து கேக்கறேன், ட்ராஃப்ட்ல இருக்கற கட்டுரையும் ஆப்ல பாக்கணும்னா?

ரெட்டைச்சுழி:

அதுக்கு லாகின் வேணும். 5.6ல இருந்து அப்ளிகேஷன் பாஸ்வேர்ட்னு ப்ரொஃபைல் பக்கத்துல உருவாக்கலாம், எடிட்டர் ரோல்ல தனி யூசர் வச்சு அதுக்கு எடுங்க, உங்க அட்மின் யூசருக்கு எடுக்காதீங்க. ஹெச்டிடிபிஎஸ் கட்டாயம். 401 வந்துட்டே இருந்தா சில சர்வர்ல ஆதரைசேஷன் ஹெடரை அப்பாச்சியே பிஎச்பிக்கு அனுப்பாம விட்டுடும், ஹெச்டிஅக்செஸ் ஃபைல்ல வேர்ட்பிரஸ் போடற அந்த வரி இருக்கான்னு பாருங்க.

விதைநெல்:

ஹூக் போட்டுட்டேன். பூங்கார் கட்டுரைல எத்தன நாள் பயிருன்னு தப்பா இருந்தத பெரியம்மா இன்னைக்கு காலைல திருத்தினாங்க, அப்டேட் அழுத்தினதும் ஆர்டர் பக்கத்துல மாறிடுச்சு, ஃபோன்ல ரெண்டையும் பக்கத்துல வச்சு அவங்களே பாத்தாங்க. ராத்திரி ஐடி ஒப்பிடற ஸ்கிரிப்ட் மட்டும் இன்னும் எழுதல, பக்க எண்ணிக்கை சரியா வந்தா மட்டும் அழிக்கற மாதிரி நாளைக்கு எழுதிட்டு இங்கயே போடறேன்.