மறு: டிரிஃப்ட் = சறுக்கலா? சறுக்கோட்டு எப்படி இருக்கு?

வணக்கம் எல்லாருக்கும். கார வளைவுல வேணும்னே சறுக்க வெச்சு ஓட்டுற டிரிஃப்டுக்கு தமிழ்ல என்ன சொல்லு வெக்கலாம்னு பேசிட்டிருந்தோம்ல, அதுக்குத்தான் இந்தப் பதில்.

> டிரிஃப்டுக்கு சறுக்கல்னே வெச்சிரலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனா தப்பா புரியும். யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்றோம்ல, அங்க சறுக்குறதுன்னா தவறிப்போறது. டிரிஃப்ட்ல யாரும் தவறல, வளைவுக்குள்ள நுழையும்போதே ஹேண்ட்பிரேக்க இழுத்து பின்சக்கரத்தோட பிடிமானத்த வேணும்னே விடுறாங்க, வண்டியோட வால் வெளிய வீசுது, உடனே ஸ்டியரிங்க எதிர்ப்பக்கம் ஒடிச்சு, ஆக்சிலேட்டர்லயே வண்டிய அந்தக் கோணத்துல புடிச்சு வளைவு முடியற வரைக்கும் கொண்டுபோறாங்க. சறுக்குறது வண்டி, சறுக்க வைக்கிறது ஆளு.

அதனாலதான் சறுக்கோட்டுன்னு சொல்றேன். சறுக்கு + ஓட்டு. சறுக்கோட்டம் வேணாம், ஓட்டம் தானாவும் நடக்கும், ஓட்டுறதுக்கு ஆள் வேணும். வினையாவும் வருது: சறுக்கோட்டினாள், சறுக்கோட்டுறாங்க. ஆளுக்கு சறுக்கோட்டி. தேரோட்டி, படகோட்டி பக்கத்துல வெச்சுப் பாருங்க, எவ்வளவு அழகா உக்காருது! செய்தி எழுதுறவங்களுக்கும் இது முக்கியம், தெருவுல ஒருத்தன் டிரிஃப்ட் பண்ணி யாரையோ இடிச்சத "கார் சறுக்கியது"ன்னு எழுதினா பழி ரோட்டு மேல போயிடும்.

> ஜப்பான்காரங்களே டொரிஃபுட்டோன்னுதான சொல்றாங்க?

ஆமா, அந்த ஒண்ணுக்கு. ஆனா அதச் சுத்தி இருக்குறதுக்கெல்லாம் சொந்தச் சொல்தான்: மலைக்கணவாய் ரோடு டோகே, ராத்திரி அங்க வண்டி விரட்டுறவங்க ஹாஷிரியா, ஹாஷிரின்னா ஓட்டம், நம்ம ஓட்டி மாதிரியே கட்டுன சொல்லு. 1970கள்ல குனிமிட்சு டகாஹாஷிங்குற ரேஸ் டிரைவர் டிராக்ல இப்படி வளைச்சதப் பாத்துதான் கெய்ச்சி சுச்சியாங்குற இன்னொரு டிரைவர் அத மலை ரோட்டுல பழகினார், அப்புறம் ஊர்ப்பட்ட பேர் கிளம்பி, டோகேல வேகத்தடை போட்டு தடுக்குற அளவுக்குப் போச்சு. அதேதான் வீடியோ கேம்லயும் வந்துச்சு. நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட்ல (2003) டிரிஃப்டுக்குன்னே தனி மோட், அதுல முந்தி வர்றது கணக்கே இல்ல, எப்படி சறுக்குறோம்னுதான் பாயிண்ட். 2004ல வந்த ரெண்டாம் பாகத்துல மலையிறக்கத்துலயும் வெச்சாங்க. மெனுவுல இதுக்கு "சறுக்கல் புள்ளி"ன்னு போட்டா தப்பு பண்ணதுக்கு மார்க் குடுத்த மாதிரி இருக்கும், "சறுக்கோட்டுப் புள்ளி"ன்னா சரியா வருது.

டோகே, ஹாஷிரியா ரெண்டையும் அப்படியே விட்டுடலாம், அது அவங்க ஊர் வாழ்க்கை. ஸ்டியரிங்க எதிர்ப்பக்கம் ஒடிக்கிறாங்கல்ல, அந்த கவுண்டர் ஸ்டியருக்கு யாரோ "எதிர்த்திசைத் திருப்பல்"னு போட்டிருந்தாங்க, ரொம்ப நீளம். டிரைவருங்க "இடது ஒடி, வலது ஒடி"ன்னுதான சொல்றாங்க, எதிரொடிப்புன்னு வெச்சா என்ன?