கேஜிஎஃப் பத்தி புள்ளைங்களுக்கு என்ன சொல்றது: டொரண்டோ அண்ணாவுக்கு பதில்

எல்லாருக்கும் வணக்கம்.

ஆண்டுவிழால நம்ம புள்ளைங்களுக்கு நம்ம ஊரு கேஜிஎஃப், அதாவது கர்நாடகால இருக்கிற கோலார் தங்கவயல் பத்தி கொஞ்ச நேரம் பேசணும், என்ன பேசலாம்னு டொரண்டோ அண்ணா நம்ம குழுவுல கேட்டிருந்தாரு. வந்த பதில்ல முக்கால்வாசி தங்கம் 800 டன், குட்டி இங்கிலாந்து, கிளப்பு, வெள்ளைக்காரங்க பங்களா. எல்லாம் உண்மைதான், ஆனா நம்மள்ல யாரும் பங்களால பொறக்கல, லைன் வீட்டுலதான், அதாவது தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின சின்ன வீட்டுலதான் பொறந்தோம். அதனால சுரங்கத்துக்குள்ள கீழ இறங்கின ஆளுங்களைப் பத்தி பேசுங்கண்ணா, தங்கத்தைப் பத்தி அவங்களே செல்போன்ல பாத்துப்பாங்க.

சுரங்கத்த நடத்தின ஜான் டெய்லர்ங்கிற வெள்ளைக்காரங்க கம்பெனி 1880ல வந்தப்ப இந்தப் பக்கம் வெறும் பாறையும் புதரும்தான். 1876 பஞ்சத்துல நொந்துபோன ஜனங்க, வட ஆற்காடு சித்தூர் சேலம் பக்கத்துல பண்ணைல கூலிக்கு கெடந்தவங்க, பெரும்பாலும் நம்ம ஒடுக்கப்பட்ட ஜனங்கதான் மூட்டைய தூக்கிகினு வந்தாங்க. ஊர்ல இருந்தா யார் முன்னாடியும் துண்ட இடுப்புல கட்டிகினு நிக்கணும், இங்க மாசம் பொறந்தா கைல சம்பளம். சுரங்கம் ஆபத்துன்னு தெரிஞ்சும் ஏன் வந்தாங்கன்னு புள்ளைங்க கேட்டா இதுதான் பதில். ஒரு காலத்துல 30,000 பேர் கிட்ட வேலை செஞ்ச இடம் அது.

1902லயே சிவசமுத்திரத்துல காவேரி தண்ணில கரண்ட் எடுத்து 140 கிலோமீட்டருக்கு மேல கம்பி இழுத்து சுரங்கத்துக்கு கொண்டு வந்தாங்க, பெங்களூர் தெருவுக்கு லைட்டு வந்ததே 1905லதான். தண்ணி பேத்தமங்கலம் ஏரில இருந்து. இதெல்லாம் பெருமையா சொல்லலாம், ஆனா அந்த கரண்ட் வந்தது மிஷினுக்கு, நமக்காக இல்லன்னும் சேத்து சொல்லுங்க.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழம். அவ்ளோ கீழ போனா பாறையே 60 டிகிரிக்கு மேல கொதிக்கும், அதுக்காக குளிர்காத்து அனுப்புற பிளான்ட் வச்சாங்க, அப்பவும் எங்க நைனா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஒரு சொம்பு தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சிட்டு திண்ணைல கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருப்பாரு, அப்புறம்தான் எங்க யாரையாவது பேர் சொல்லி கூப்பிடுவாரு.

ஏர் பிளாஸ்ட் பத்தி சொல்லாம விட்டா ஊரைப் பத்தி சொன்ன மாதிரியே இல்ல. கல்ல வெட்டி எடுத்துகினே போனா மேல இருக்கிற மலை மொத்தத்தோட பாரமும் மிச்சம் நிக்கிற பாறை மேல ஏறும், தாங்க முடியாம அது ஒரு நாள் தானா வெடிக்கும். எந்த மருந்தும் வெக்க வேணாம். ராத்திரி தூங்கிகினு இருக்கும்போது தரை குலுங்கும், அலமாரில இருந்து தட்டு உருளும், அவ்ளோதான், லைன்ல இருக்கிற பொம்பளைங்க அத்தினி பேரும் முந்தானைய இழுத்து சொருகிகினு ஷாஃப்ட் பக்கம், அதாவது சுரங்கத்துக்கு இறங்குற குழி வாசலுக்கு ஓடுவாங்க. எங்கம்மா அடுப்ப கூட அணைக்காம ஓடியிருக்காங்க. ஆளுங்கள ஏத்தி இறக்குற கூண்டு, அதான் கேஜ், மேல வர வர ஒவ்வொரு மூஞ்சியா பாத்துகினு நிப்பாங்க, எல்லாரு மேலயும் ஒரே கல்லுத்தூளு, தொப்பிய கழட்டாதவரைக்கும் நடைய வச்சுதான் கண்டுபிடிக்கணும். வராதவங்க வீட்டு வாசல்ல அன்னைக்கு லைனே உக்காந்திருக்கும். எந்த சாதி எந்த கோயில் எந்த சர்ச்னு யாரும் கேட்டதில்ல, நான் பாத்த வரைக்கும்.

இவ்ளோ வேலைக்கு நடுவுல இவங்க படிச்சாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப பெரிசு. ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்காக பேசி எழுதின அயோத்திதாசப் பண்டிதரோட பௌத்த சங்கத்துக்கு நம்ம ஊரு மாரிக்குப்பத்துல கிளை இருந்துச்சு. 1907ல சென்னைல அவரு ஆரம்பிச்ச தமிழன் பத்திரிகை, அவரு காலத்துக்கப்புறம் நின்னுபோய் 1926ல மறுபடி வந்தது நம்ம ஊர்ல இருந்துதான், அப்பாதுரையார் ஆசிரியரு. சாம்பியன் ரீஃப்ஸ்ல சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதர் எழுத்தையெல்லாம் அச்சுல போட்டுச்சு. கல்லு உடைக்கிற ஆளுங்க கொடுத்த காசுல தமிழ் புத்தகம் வந்திருக்கு, அதுவும் மைசூர் சமஸ்தானத்துக்குள்ள! 1930ல தொழிலாளிங்க கைரேகைய பதிஞ்சு வெக்கணும்னு வந்தப்ப, நாங்க என்ன திருடங்களான்னு வேலைய நிறுத்திட்டு நின்னதும் இதே ஜனங்கதான். படிப்பு ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம், ரெண்டும் கூடவே வளர்ந்துச்சுன்னு நான் நம்பறேன்.

சயின்ஸ் படிக்கிற புள்ளைங்களுக்கு ஒண்ணு. வானத்துல இருந்து வர்ற கதிர்னால காத்து மண்டலத்துல உண்டாகிற நியூட்ரினோங்கிற, எதையும் ஊடுருவிப் போற ரொம்ப சின்ன துகள ஒலகத்துல மொதல்ல பிடிச்ச ரெண்டு எடத்துல நம்ம சுரங்கம் ஒண்ணு, 1965ல, இன்னொண்ணு தென்னாப்பிரிக்காவுல தங்கச் சுரங்கம். அவ்ளோ ஆழத்துல மத்த கதிரெல்லாம் பாறைலயே வடிகட்டிடும், அதனாலதான் விஞ்ஞானிங்க இங்க வந்தாங்க. அந்த கருவிங்கள இறக்கினது நம்ம ஆளுங்க ஓட்டின கேஜ்தான்.

மூடுனதப் பத்தி பேசும்போது தங்கம் தீந்துபோச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஆரம்ப காலத்துல ஒரு டன் கல்லுல 40 கிராமுக்கு மேல கெடச்சுது, கடைசில மூணு நாலு கிராம், அதையும் அவ்ளோ ஆழத்துல இருந்து தூக்கணும், எடுக்கிற செலவு விக்கிற வெலைய தாண்டிடுச்சு. 2001 பிப்ரவரி 28ல பூட்டு போட்டாங்க. தண்ணி பம்ப் நின்னுது, சுரங்கம் ரொம்பிடுச்சு. தங்கம் பிரிச்சு எடுத்தப்புறம் வெளில குவிச்ச சயனைடு கலந்த மண்மேடு மட்டும் நிக்குது, காத்தடிச்சா இன்னைக்கும் வீட்டுக்குள்ள தூசி வரும், துணி காயப்போட முடியாது. பசங்க இருட்டுலயே மாரிக்குப்பத்துல ரயில் ஏறி பெங்களூர் போயி ராத்திரி திரும்பறாங்க. எங்க மாமா பையனும் அப்படித்தான், புள்ள தூங்கும்போது போய் புள்ள தூங்கினப்புறம் வர்றான். நாம வெளிநாடு வந்தோம், அவங்க தெனமும் ரயில்ல வெளியூரு போறாங்க, ஊரு விட்டு போகணும்னு ஆக்கினது ஒரே பூட்டுதான்.

அதனால அண்ணா, பேச்சு நீங்க பேசுங்க, கூட ஒரு வேலையும் செய்யலாம். அப்பா இல்ல மாமா சித்தப்பா உயிரோட இருக்கிறவங்க இந்த வாரமே போன் பண்ணுங்க. எந்த ஷாஃப்ட்ல இறங்கினாரு, எந்த லெவல், என்ன வேலை, கூட வேலை செஞ்சவங்க யாரு, ஏர் பிளாஸ்ட்ல மாட்டினாரா. பேசறத அப்படியே ரெக்கார்ட் பண்ணுங்க, திருத்தாதீங்க, இருமல் வந்தாலும் வெட்டாதீங்க. அம்மாங்களையும் கேளுங்க, ஷாஃப்ட் வாசல்ல நின்னவங்க அவங்கதான், அவங்கள இதுவரைக்கும் யாருமே கேக்கல. கல்லுத்தூசி நுரையீரல்ல ஏறினவங்க நெறைய பேர் ஏற்கனவே போயிட்டாங்க, எங்க நைனாவும்.

அவரோடது எங்கம்மா சொல்ல சொல்ல எழுதி வச்சிருக்கேன்: கிஃபோர்ட் ஷாஃப்ட், டிம்பர் வேலை, அதாவது மேல இருக்கிற கல்லு விழாம மரம் முட்டுக் கொடுக்கிறது. இன்னைக்கு ராத்திரி குழுவுக்கு அனுப்பறேன். துபாய், சிங்கப்பூர்ல இருக்கிற மைசூர் மைன் (நம்ம ஊருல இன்னொரு சுரங்கம்) ஆளுங்க அடுத்து அனுப்புங்க, உங்க பக்கத்து கதை எனக்கு சுத்தமா தெரியாது.

சாம்பியன் ரீஃப்ஸ் தங்கச்சி, மெல்போர்ன்