கிட்ஸ் சாய்ஸ் மாதிரி எங்கட பிள்ளையளுக்கு ஒரு விருது விழா: வாக்கும் பச்சைக் கூழும்

வெள்ளவத்தை அம்மா:
எங்கட தொடர்மாடியில 5 முதல் 12 வயது வரை 40 பிள்ளையள். ஆகஸ்ட் விடுமுறைக்கு, நிக்கலோடியன் எண்ட அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சியின்ர கிட்ஸ் சாய்ஸ் விருது மாதிரி, பிள்ளையளே வாக்குப் போட்டுத் தெரிவு செய்யிற ஒரு மாலை நிகழ்ச்சி செய்யப் போறம். படம், பாட்டு, கார்ட்டூன் எண்டு 6 பிரிவு. வாக்கு கூகிள் படிவத்திலயா, தாளிலயா? அந்த விழாவில ஆக்களின்ர தலையில ஊத்திற பச்சை நிறக் கூழுக்கு என்ன சேர்க்கிறது? இடம் மொட்டைமாடி.

புள்ளடி:
தாளில வையுங்கோ அக்கா. படிவத்தில உள்நுழைவு கேக்காவிட்டால் ஒரே பிள்ளை 30 தரம் போடும். கேட்டால், சின்னப் பிள்ளையளிட்ட பெரும்பாலும் சொந்தக் கணக்கு இராது. அம்மான்ர கணக்கில மூன்று பிள்ளையளுக்கும் சேர்த்து ஒரு வாக்குத்தான் விழும்.

போட்டியாளர் பட்டியலைப் பெரியாக்கள் போடக் கூடாது. போட்டால் பிள்ளையள் உங்கட விருப்பத்துக்குள்ளதான் தெரிவு செய்வினம். ஒரு கிழமைக்கு முதல் வெறும் தாள் குடுத்து, பிரிவுக்கு ஒரு பெயர் கேளுங்கோ. கூடச் சொன்ன 4 பெயர் வாக்குச்சீட்டுக்குப் போகட்டும். நடிகர் பிரிவில ஒரே படத்து ஆக்கள் இரண்டு பேர் வந்தால் வாக்குப் பிரிஞ்சு மூன்றாவது ஆள் வெல்லக்கூடும். பிள்ளையளுக்கு அதை முதலே சொல்லி விடுங்கோ.

சீட்டில பெயரோட படமும் இருக்க வேணும். வாசிக்கத் தெரியாத சின்னாக்கள் முதல் பெட்டிக்கே புள்ளடி போடுவினம். அதனால நாலு படத்தையும் நாலு விதமாய் அடுக்கி, விதத்துக்கு 10 சீட்டு அச்சடியுங்கோ. மட்டைப்பெட்டி மறைப்புக்குள்ள ஒவ்வொருத்தராய்ப் போடட்டும், அண்ணா அக்கா பக்கத்தில நிக்கக் கூடாது. கை தூக்கச் சொன்னால் எல்லாரும் கூட்டாளியின்ர கையைத்தான் பார்ப்பினம். எண்ணேக்க ஒருவர் வாசிக்க, ஒருவர் கோடு போட, மூன்றாமாள் பார்க்கட்டும். செல்லாத சீட்டோட சேர்த்து பிரிவுக்குப் பிரிவு 40 வர வேணும். சமன் வந்தால் இரண்டு பேருக்கும் விருது.

அடுப்படி:
கூழுக்கு வருவம். காய்ச்சாத கோன்ஃப்ளவரைத் தண்ணியில கரைச்சு வாளியில வைச்சால் மா அடியில கட்டியாய் இறுகும். காய்ச்சித்தான் ஊத்த வேணும். ஒரு ஆளுக்கு 4 லீற்றர் போதும், அதுக்கு மேல கழுத்துக்குப் பாரம். 200 கிராம் மாவை அரை லீற்றர் குளிர்ந்த தண்ணியில கட்டியில்லாமல் கரைச்சு, கொதிக்கிற மூன்றரை லீற்றரில மெல்ல ஊத்திக் கிண்டுங்கோ. வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி வந்த பிறகும் 2 நிமிடம். திரவப் பச்சைச் சாயம் ஒரு தேக்கரண்டி, கூடினால் தோலிலயும் சட்டையிலயும் பிடிச்சுக் கொள்ளும்.

ஆபத்து சூடுதான். மேலால கை வைச்சால் ஆறினமாதிரி இருக்கும், நடுவில மணிக்கணக்காய்ச் சுடும். பானையைத் தண்ணித் தொட்டியில வைச்சு இடைக்கிடை கிண்டி, நடுவிலிருந்து அகப்பையால எடுத்து மணிக்கட்டில விட்டுப் பாருங்கோ. அண்டைக்குக் காலமைதான் காய்ச்ச வேணும். கொழும்பு வெக்கையில இரவு வைச்சால் புளிக்கும்.

ஒறேஞ்சு பலூன்:
இரண்டு விசயம். ஆகஸ்டில கடல் காத்து மொட்டைமாடியில பலமாய் வரும். காத்துக்கு முதுகு காட்டி ஆளை இருத்தி, நீச்சல் கண்ணாடி போட்டு, தலையைக் கொஞ்சம் குனிய வைச்சுப் பின்பக்கத்தால ஊத்துங்கோ, மூக்கில போகாது. கீழே படங்கு விரியுங்கோ. அந்தக் கூழில வெறும் ஓடு பனிக்கட்டி மாதிரி வழுக்கும். முடிஞ்சதும் தண்ணி அடிக்காமல் முதல் வழிச்சு வாளியில எடுக்க வேணும், இல்லாட்டில் மழைத்தண்ணிக் குழாய் அடைச்சுக் கொள்ளும்.

விருது செய்யிறதெண்டால்: கிட்ஸ் சாய்ஸ் விருது, நீட்டுப் பலூன் மாதிரியான ஒறேஞ்சு நிற வான்கப்பல், ஒரு முனையால பார்த்தால் உள்ளுக்குக் கலைடாஸ்கோப் (கண்ணாடிகளால கோலம் காட்டுற குழாய்). பலூனில பழைய வீரகேசரிப் பத்திரிகைத் தாளைக் கோதுமை மா பசையால 4 தட்டு ஒட்டுங்கோ. ஒவ்வொரு தட்டும் ஒரு நாள் காய வேணும், அவசரப்பட்டால் உள்ளுக்குப் பூஞ்சணம். முகம் தெரியிற மாதிரி மினுங்கிற தாளில மூன்று பட்டையை முக்கோணமாய் ஒட்டி முனையில செருகினால் பிள்ளையள் விருதைக் கீழே வைக்காதுகள்.

வெள்ளவத்தை அம்மா:
பெரிய உதவி. கடையில ஸ்லைம் எண்டு பசையாய் விக்கிறதை ஊத்தலாமா?

அடுப்படி:
வேண்டாம் அக்கா. கனக்க அதுகளில பசையும் போறக்ஸ் எண்ட இரசாயனமும் இருக்கும். தலைமயிரில இறுகினால் கத்திரிக்கோல்தான், கண்ணிலயும் எரியும். ஆரை நனைக்கிறதெண்டும் முதலே கேளுங்கோ. கிட்ஸ் சாய்ஸ் விழாவில நனைஞ்சவருக்கு அது பெருமை, பயந்து அழுகிற 6 வயதுக்கு இல்லை. ஒத்துக்கொண்ட ஒரு மாமாவைப் பிடியுங்கோ.