கிராண்ட் கிடைத்துவிடும், காசு கோபிக்கு வந்து சேருமா?

மெல்போர்னுக்கும் சிட்னிக்கும் புதிதாகப் போயிருக்கும் நம்ம ஈரோடு, கோபி, தாராபுரம் பக்கத்துத் தம்பிகளுக்கும் அம்மிணிகளுக்கும் இது. வீடு, வண்டி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அமைந்து ஆறு மாதம் ஆனதும் ஒரு நினைப்பு வரும். நம்ம ஊர்ப் பிள்ளைகளையும் அங்கிருக்கும் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளையும் பழகவிட்டால் என்ன? வள்ளி கும்மி வாத்தியார் ஒருவரை வரவழைத்தால் என்ன? பதினோரு வருசம் அங்கே இருந்துவிட்டு இப்போது கோபியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மாதம் ஒரு போனாவது வந்துவிடும். "ஏனுங்கண்ணா, ரெண்டு நாட்டுக்கும் நடுவுல கலை, படிப்புன்னு எதாச்சும் செஞ்சா கவர்மெண்டே காசு குடுக்குதாமே?"

குடுக்குது. ஆஸ்திரேலியா–இந்தியா கவுன்சில் என்று 1992-லேயே ஒன்றை ஆரம்பித்தார்கள். அப்புறம் 2023-ல் ஆஸ்திரேலியா–இந்தியா உறவுகளுக்கான மையம் வந்தது, சிட்னியில் பரமட்டாவில். 'மைத்ரி' என்ற பெயரில் வரும் நிதியெல்லாம் அங்கிருந்துதான். ஆனால் வந்த வருசமே மைத்ரிக்கு மனுப் போடாதீர்கள் என்பது என் கருத்து. பல்கலைக்கழகங்களும் பெரிய கலை அமைப்புகளும் வரிசையில் நிற்கும் இடம் அது. உங்கள் வட்டாரத்துக் கவுன்சில், அதாவது அங்கத்து உள்ளாட்சி மன்றம், தரும் சில ஆயிரம் டாலரில் தொடங்குங்கள். ஒரு சின்ன கிராண்டை ஒழுங்காகக் கணக்கு முடித்துக் காட்டிவிட்டால், அடுத்த மனுவில் அதுவே உங்களுக்குச் சிபாரிசு. இந்தக் கணக்கு முடிப்புக்கு அங்கே 'அக்விட்டல்' என்று பெயர்.

தனி ஆளுக்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள். பதிவு செய்த சங்கம் வேண்டும், ஏபிஎன் என்ற ஆஸ்திரேலியத் தொழில் பதிவு எண் வேண்டும், நிகழ்ச்சியில் பிறருக்கு ஏதாவது ஆனால் ஈடுகட்டும் 'பப்ளிக் லயபிலிட்டி' காப்பீடு வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தையோ தமிழ்ப் பள்ளியையோ 'ஆஸ்பைஸ்' செய்யச் சொல்லுங்கள். அதாவது காசு அவர்கள் கணக்கில் வரும், வேலையை நீங்கள் செய்வீர்கள். இதை வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்து அரசியலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, போனதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, அனுமதிக் கடிதம் வரும் முன்னே டிக்கெட் போட்டுவிட்டுப் பிறகு அந்தத் தொகையைக் கேட்டால் கிடைக்காது.

சரி, இனித்தான் விசயம். காசு வாங்குவதை விட அதை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதுதான் பாடு. 2021-ல் ஒரு சிறு நிதியத்திடமிருந்து 4,000 டாலர் வாங்கி, ஊரில் பழைய மாணவர்கள் நடத்தும் அறக்கட்டளைக்கு அனுப்பினேன். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கதை எழுதி மாற்றிக்கொள்வது, அதைப் புத்தகமாக அச்சடிப்பது என்று திட்டம். அறக்கட்டளையைப் பார்த்துக்கொண்ட ஓய்வுபெற்ற வாத்தியார், மஞ்சப்பையில் பத்திரத்தையும் பாஸ் புக்கையும் போட்டுக்கொண்டு பேங்குக்குப் போனார். மேனேஜர் பத்திரத்தைப் புரட்டக்கூட இல்லை. "எஃப்சிஆர்ஏ நம்பர் இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார். நம்பர் இல்லை. காசு திரும்பிப் போனது, போகும்போது பேங்க் கட்டணத்தையும் தின்றுவிட்டுப் போனது. குறைந்ததை நான் கைக்காசு போட்டு நிரப்பினேன்.

எஃப்சிஆர்ஏ என்பது 2010-ஆம் வருசத்து அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டம். வெளிநாட்டுக் காசு வாங்க அறக்கட்டளை அதில் பதிவாகி இருக்க வேண்டும். பதிவு கேட்க மூன்று வருசமாவது நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருசத்தில் 15 லட்சம் ரூபாயாவது சேவைக்குச் செலவழித்திருக்க வேண்டும். நம்ம ஊர் அறக்கட்டளை வருசத்துக்கு நாற்பது நோட்டுப் புத்தகமும் ஆண்டு விழாவில் நாலு கோப்பையும் கொடுப்பது, அதற்கு எங்கே போவது! 2020 திருத்தத்துக்குப் பின் காசு முதலில் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். "கோயமுத்தூர்ல ஒரு டிரஸ்டுக்கு நம்பர் இருக்குதுங்கண்ணா, அது வழியா வாங்கிக்கலாமா?" என்று கேட்பார்கள். முடியாது. ஒருவர் வாங்கி இன்னொருவருக்கு மாற்றிவிடுவதையும் அதே திருத்தம் தடுத்துவிட்டது. காசுக்குப் பதிலாக லேப்டாப் வாங்கி டிரஸ்டுக்கு அனுப்பினாலும் அது பங்களிப்புக் கணக்கில்தான் வரும்.

இந்திய பாஸ்போர்ட்டில் இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சட்டம் தொடாது. ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும், அது வெளிநாட்டுக் காசுதான். கிராண்ட் காசை என் கணக்கில் போட்டுச் சேமிப்பு என்று அனுப்பிவிடட்டுமா என்று ஒரு தம்பி கேட்டான். அது சேமிப்பு இல்லை கண்ணு, வேண்டாம்.

ஆக, திட்டத்தை வகுக்கும்போதே செலவை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். விமான டிக்கெட், அரங்க வாடகை, காப்பீடு, வீடியோ எல்லாம் அங்கேயே சங்கம் நேராகக் கட்டட்டும். இங்கிருக்கும் கலைஞருக்குப் போவது நன்கொடையாக இல்லாமல், செய்த வேலைக்குக் கட்டணமாக, பில்லுக்கு எதிராகப் போகட்டும். வேலைக்குத் தரும் கட்டணத்தைச் சட்டம் பங்களிப்பு என்று சொல்வதில்லை. இருந்தாலும் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்கள் கும்மி வாத்தியார் வாழ்நாளில் பில் போட்டவர் இல்லை. என் மகள் நோட்டில் எழுதிக் காட்ட, அதைப் பார்த்து எழுதினார். கடைசி வரியில் "கும்மி கற்றுக்கொடுத்த வகையில்" என்று அவராகச் சேர்த்தார். அந்தப் பக்கத்து ஆடிட்டருக்கு அதை நான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

வள்ளி கும்மியைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2024-ல் கோவையைச் சேர்ந்த பத்ரப்பன் அய்யாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காகவே பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மனுவைப் படிக்கும் வெள்ளைக்காரருக்குக் கும்மி என்றால் என்னவென்று தெரியாது, தேசிய விருது என்றால் தெரியும். அந்த ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்.

நேரிலேயே கூப்பிட வேண்டும் என்பதும் இல்லை. சனிக்கிழமை காலை இங்கே பத்து மணி என்றால் மெல்போர்னில் பிற்பகல் மூன்றரை. ஏப்ரல் முதல் ஞாயிறு முதல் அக்டோபர் முதல் ஞாயிறு வரை இரண்டரை. முதல் வருசம் இந்த ஒரு மணி நேரத்தை மறந்துவிட்டு, கோயில் மைதானத்தில் முப்பது பிள்ளைகள் ஒரே நிறப் பாவாடையில் காத்திருக்க, அந்தப் பக்கம் வகுப்பே முடிந்துபோயிருந்தது.

வரவழைப்பதாக இருந்தால் ஆஸ்திரேலியாவின் 408 வகை விசாவை, கலை நிகழ்ச்சிப் பிரிவில் பாருங்கள். சுற்றுலா விசாவில் வந்து மேடையேறச் சொல்லாதீர்கள். உடுக்கை, பறை கொண்டுவந்தால் தோல் இருக்கிறது என்று விமானத்தில் தரும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். மறைத்தால் அபராதம், உடுக்கையும் போகும்.

வாத்தியாரின் பெயரை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். எங்களவருக்கு ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, பாஸ் புக்கில் ஊர்ப் பெயரும் சேர்ந்து மூன்று விதமாக இருந்தது. அதைச் சரிசெய்யவே நாலு மாதம் ஆனது, கிராண்டுக்கு மனுப் போட்டுப் பதில் வர ஆனதும் அதே நாலு மாதம்தான்.